பிஸ்கட் டின்னில் நூற்று நாற்பத்தேழு

போன மாதம் கோயில் மண்டபத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வயதான அம்மா அப்பாவுக்கு மருந்து நேரத்தை ஞாபகப்படுத்துவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கூப்பிட்டவள் கவிதா. என்னிடம் மாத்திரை எண்ணப் பழகியவள். இப்போது குளுவாங் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில், நான் உட்கார்ந்த அதே மருந்துக் கவுண்டரில் உட்கார்கிறாள். இருபது நிமிடம் கொடுத்திருந்தாள். நான் ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினேன். அறுபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் பத்தொன்பது பேர் வடைக்காக வந்தவர்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தை வைத்தே சொல்லிவிடலாம். சொல்ல வந்ததைத் தொடுவதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

"சார், மிச்சத்தை எழுதிக் குடுத்துருங்க லா. போட்டோஸ்டாட் எடுத்து எல்லாருக்கும் குடுத்துர்றோம்" என்றாள் கவிதா.

ஆகவே எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் குறை சொல்லாதீர்கள். நானே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது மருந்து நேரத்துக்குக் கூவும் பெட்டிகள் வந்துவிட்டன. போனில் மணி அடிக்கிறது. எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. ஆனால் கூவுகிற பெட்டியின் வாயை அடைக்க நம் பெரியவர்களுக்கு ஒரு நாள் போதும். அதற்கு முன்னால் கிளினிக்கில் இருந்த கூவும் பெட்டி நான்தான். என் வாயை எப்படி அடைத்தார்கள் என்பதுதான் இந்தக் கதை.

பள்ளிப் படிப்பு முடிந்து கோலாலம்பூரில் இரண்டு வருடப் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, விடுதிக் கறியில் ஆளுக்கு மூன்று உருளைக்கிழங்குத் துண்டு என்பதைத் தவிர. பிறகு முப்பத்து மூன்று வருடம் நான்கு மாதம் மருந்து கொடுத்தேன்.

மாத்திரை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. அப்போது பாதி மாத்திரைகள் பெரிய டப்பாவில் உதிரியாக வரும். தட்டில் கொட்டி, தட்டையான கத்தியால் ஐந்து ஐந்தாகத் தள்ள வேண்டும். ஆறு தள்ளு தள்ளினால் முப்பது. விரல் படக்கூடாது. எண்ணும்போது பேசவும் கூடாது. கழிவறை எங்கே என்று யாராவது கேட்டால் முகவாயால் திசை காட்டலாம், அவ்வளவுதான். நான் எண்ணி முடித்ததும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அந்த இன்னொருவர் எங்கள் மருந்தாளுநர் புவான் ஹலிமா, அதாவது ஹலிமா அம்மையார்.

புவான் ஹலிமா என்னைவிடப் பதினோரு வயது இளையவர், பதவியில் மூன்று படி மேலே. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏதாவது பிசகினால் கண்ணாடியைக் கழற்றுவார். தலையில் கட்டிய தூடோங் முக்காட்டின் நுனியால் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, "கிரா லாகி" என்பார். இன்னொரு தரம் எண்ணு என்று அர்த்தம். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி ஆறுதல் பெறலாம். "கிரா லாகி என்று சொல்லிவிட்டார்" என்று வருத்தப்பட்டால், "சரி, எண்ண வேண்டியதுதானே" என்பாள் அவள்.

எங்களிடம் மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள் மிச்ச மாத்திரையைக் கொண்டுவர வேண்டும். முப்பது நாளுக்கு மாத்திரை கொடுப்போம், இருபத்தெட்டாம் நாள் வரச் சொல்வோம். ஒழுங்காகச் சாப்பிட்டவர் கையில் இரண்டு மிச்சம் இருக்கும். ஏழெட்டு இருந்தால் நான் உபதேசம் செய்வேன். உபதேசம் கேட்க யாருக்கும் பிடிக்கவில்லை என்பதால் ஒரு தந்திரம் செய்தேன். சரியாக இரண்டு கொண்டுவந்தவர்களின் கிளினிக் புத்தகத்தில் சிவப்பு மையால் ஒரு நட்சத்திரம் வரைந்தேன். ஐந்து முனை, கை எடுக்காமல் ஒரே கோடு.

எழுபது வயது மனிதர்கள் அந்த நட்சத்திரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். வரிசையில் நிற்கும்போது ஒருவர் புத்தகத்தை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புவான் ஹலிமாவிடம் காட்டினேன். அவர், "பார்க்க அழகாக இருக்கிறது" என்றார். கண்ணாடியைத் தொட்டார், ஆனால் கழற்றவில்லை.

அதிக நட்சத்திரம் வாங்கியது மாரியாயி அம்மாவின் புத்தகம். ஆனால் அதைக் கொண்டுவருவது அவர் கணவர் சின்னையா. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். வயது எழுபது, மடிப்புக் கலையாத சட்டை. மனைவிக்கு இரத்த அழுத்தம். தினம் ஒரு அழுத்த மாத்திரை, ஒரு தண்ணி மாத்திரை, இரண்டும் காலையில். தண்ணி மாத்திரை என்றால் உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக இறக்குவது. டாக்டரைப் பார்க்க மட்டும் அந்த அம்மா வருவார். மருந்துக் கவுண்டர் சின்னையாவின் இலாகா.

ஐந்து மாதம், ஐந்து நட்சத்திரம். ஒவ்வொரு முறையும் இரண்டு பொட்டலத்திலும் இரண்டு, இரண்டு. ஆனால் அந்த அம்மாவின் அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. கணக்கு இவ்வளவு ஒழுங்காக இருந்தால் டாக்டர் என்ன நினைப்பார்? மருந்து போதவில்லை என்று நினைப்பார். இரண்டு முறை வலுவைக் கூட்டினார்.

ஐந்தாவது நட்சத்திரத்தன்று புவான் ஹலிமா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி கழன்றது.

"ஐந்து மாதம் ஒரு நாள்கூட மறக்காத மனிதரை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இதோ இருக்கிறாரே, புவான்."

"இந்தத் தடவை தண்ணி மாத்திரையில் மூன்று கூடப் போடுங்கள். சொல்ல வேண்டாம்."

என் வாழ்க்கையில் தெரிந்தே தப்பாக எண்ணியது அந்த ஒரு முறைதான். முப்பது இருக்க வேண்டிய பொட்டலத்தில் முப்பத்து மூன்று. நேர்மையாகச் சாப்பிட்டால் அடுத்த முறை ஐந்து மிஞ்ச வேண்டும்.

இருபத்தெட்டு நாள் கழித்து சின்னையா வந்தார். பொட்டலத்தைக் கவிழ்த்தார். இரண்டு.

"ஐயா, இதுல அஞ்சு இருக்கணும்."

"எப்பவும் ரெண்டுதானே தம்பி?"

"இந்தத் தடவை மூணு கூடப் போட்டிருந்தேன்."

"ஏன் போட்டீங்க?"

"தெரியாம" என்றேன்.

"அப்ப தெரியாமத்தான் எண்ணிக்கிட்டு இருக்கீங்க. பரவால்ல தம்பி, வயசானா வரும் லா" என்றார். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு. அவருக்குப் பின்னால் நின்ற நான்கு பேர் சிரித்தார்கள். ஒருவர் இரண்டு முறை சிரித்தார்.

அவர் போனதும் புவான் ஹலிமா சொன்னார்: "இன்றே அந்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள். மகள் இருந்தால் மகளிடம் பேசுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்." சொல்லிவிட்டு அவர் வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டார்.

நான் போன் செய்யவில்லை. அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. உண்மையிலேயே முப்பத்து மூன்று போட்டேனா, முப்பதுதான் போட்டேனா என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஆயிரம் மாத்திரை டப்பாவை எடுத்து எண்ணினேன். பதிவேட்டோடு ஒப்பிட்டேன். இன்னொரு டப்பாவையும் எண்ணினேன். வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில் எண்ணி முடிக்க ஒன்பது நாள் ஆனது. என் கணக்கு சரியாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு ஒன்பதாம் நாள் போனை எடுத்து மகள் செல்வியின் நம்பரை அழைத்தேன்.

செல்வி மாசாய் நகரில் இருப்பவள், தொழிற்சாலையில் வேலை. தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் செய்து, "அப்பா, அம்மா மருந்து சாப்டாங்களா?" என்று கேட்பாள். "ஆச்சு, ஆச்சு" என்று பதில் வரும். சின்னையா மருந்து வாங்கிப்போன அன்றே அவள் தீபாவளி விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. வந்த நாள் முதல் அம்மாவின் மாத்திரையைத் தானே எடுத்துத் தண்ணீரோடு கையில் கொடுத்திருக்கிறாள், ஒரு நாள் விடாமல்.

"அங்கிள், நான் ஆஸ்பத்திரில இருக்கேன்" என்றாள். "அம்மா குளிக்கிற ரூம்ல விழுந்துட்டாங்க. பிரெஷர் ரொம்ப இறங்கிப்போச்சாம். ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்னு சொல்றாங்க." குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் நான்தான் கூடக் குடுத்துட்டேன்னு சொல்றாங்க. நான் எழுதியிருக்கிறபடிதான் குடுத்தேன் அங்கிள்."

மத்தியானம் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, தட்டையும் கத்தியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் பொட்டலங்களை வைத்தாள். முப்பதில் ஒன்பது போனால் இருபத்தொன்று இருக்க வேண்டும். எண்ணினேன். இருபத்தொன்று. அடுத்த பொட்டலம், இருபத்தொன்று.

"நீ ஒண்ணுகூடத் தப்பாக் குடுக்கலம்மா" என்றேன்.

அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். சின்னையா நாற்காலியில் உட்கார்ந்து மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். "அழுவாத புள்ள" என்றார். சாமி அலமாரிக்குக் கீழே கையை விட்டு ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மூடியைத் திறந்தேன். பெரிய வெள்ளை, சின்ன வெள்ளை, கலந்து கிடந்தன. வேறு ஆளாக இருந்தால் கோபப்பட்டிருப்பார். நான் எண்ணத் தொடங்கினேன். இருபத்தொன்பது தள்ளு, கடைசியில் இரண்டு. நூற்று நாற்பத்தேழு.

"வாரத்துல எத்தனை நாள் சாப்பிடல?"

"செவ்வா, வெள்ளி, ஞாயிறு" என்றார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

இருபத்தெட்டு நாளில் பன்னிரண்டு நாள். இரண்டு மாத்திரை, ஆறு மாதம். நூற்று நாற்பத்து நான்கு. மேலே மூன்று. அவை என்னுடைய மூன்று. ஒன்பது நாள் நான் டப்பா டப்பாவாகத் தேடியது இந்த டின்னில் இருந்தது. மனதின் ஒரு மூலையில் மகிழ்ச்சியாக இருந்ததை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"ஏன்ப்பா மறைச்சீங்க?" என்று கேட்டாள் செல்வி.

அவர் என்னிடம் சொன்னார். "தம்பி, நான் இருவத்தாறு வருசம் பால் வெட்டுனவன். கணக்கெழுதுற கிராணிக்கு வேண்டியது எடை. எடை சரியா இருந்தா தலைய நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு. கொறஞ்சா பேச்சு வாங்கணும். கொறஞ்ச அன்னிக்கு வாளில ஒரு கை தண்ணி. உங்களுக்கு வேண்டியது ரெண்டு. ரெண்ட எடுத்து வச்சிட்டு மிச்சத்த டின்ல போட்டேன். நீங்களும் நட்சத்திரம் போட்டீங்க."

"தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"கவுருமெண்டு குடுத்தது. மனசு வருமா?"

அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னோம். ஆறு மாதமாக அந்த உடம்பு பாதிக்குக் கொஞ்சம் மேலான மருந்தைத்தான் பார்த்திருக்கிறது, இரண்டு முறை கூட்டிய வலு முழுசாக உள்ளே போனது இந்த ஒன்பது நாள்தான் என்று. அவர் டின்னை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "இது தெரியாமல் இருந்திருந்தால் அதே மருந்தை எழுதித்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார். நானும் செல்வியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அழுத்தம் நிலைக்கு வந்தது. மணிக்கட்டில் மாவுக் கட்டோடு மாரியாயி அம்மா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ஏன் அந்த மூன்று நாளும் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"செவ்வா, வெள்ளி கோயிலு. ஞாயித்துக்கெழம காய்கறி வாங்க பாசாரு. ரெண்டுக்கும் பஸ்ஸுலதான் போவணும். அந்தச் சின்ன மாத்திரயப் போட்டா பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஓடணும். பஸ்ஸுல கக்கூஸு இருக்கா தம்பி?"

"பெரிய மாத்திரையைச் சாப்பிட்டிருக்கலாமே?"

"ரெண்டையும் ஒண்ணாச் சாப்புடச் சொன்னது யாரு? நீங்கதான். ஒண்ண மட்டும் போட்டா கணக்கு ஒதைக்கும்னு இவரு சொன்னாரு." கஞ்சியை ஒரு வாய் குடித்தார். "ஆறு மாசமா எல்லாரும் மாத்திரயத்தான் எண்ணுனீங்க. ஏன் சாப்புடலன்னு ஒருத்தரும் என்கிட்ட கேக்கல."

பயிற்சி முடிந்து வந்த புவான் ஹலிமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பது நாளையும் சேர்த்து. கண்ணாடியைக் கழற்றுவார் என்று காத்திருந்தேன். கழற்றவில்லை. வெகு நேரம் என்னைக் கண்ணாடி வழியாகவே பார்த்தார். முப்பத்து மூன்று வருடத்தில் நான் வாங்கிய பெரிய திட்டு அதுதான்.

டாக்டர் வலுவைப் பழைய நிலைக்கு இறக்கினார். வெளியே போகும் நாளில் தண்ணி மாத்திரையை வீடு திரும்பியபின் மத்தியானம் சாப்பிடலாம் என்று அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் வைத்தியம். டாக்டரைக் கேட்க ஒரு நிமிடம் ஆனது. கேட்கலாம் என்று தோன்ற ஆறு மாதம் ஆனது.

செல்வியும் தன் கேள்வியை மாற்றினாள். "சாப்டாங்களா" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் வரும். அது பதில் இல்லை, மரியாதை. "பொட்டலத்துல எத்தனை மிச்சம்பா?" என்று கேட்கத் தொடங்கினாள். கூடுதலாக இருந்தால் திட்டக்கூடாது, எந்த நாள், ஏன் என்று மட்டும் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

நானும் என் நட்சத்திரத்தைத் திருத்தினேன். மிச்சம் எத்தனையானாலும் மறைக்காமல் கொண்டுவருகிறவருக்கே நட்சத்திரம் என்று கவுண்டரில் எழுதி ஒட்டினேன். அடுத்த மாதம் சின்னையா பதினொரு மாத்திரை கொண்டுவந்து கொட்டினார். எண்ணிப் பார்த்தேன். அதில் நான்கு அவருடைய சர்க்கரை மாத்திரை.

"நெறைய இருந்தா நட்சத்திரம் பெருசாப் போடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அதோடு சிவப்புப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

சின்னையா நான்கு வருடத்துக்கு முன் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரியாயி அம்மாவுக்கு இப்போது எண்பத்து நான்கு. செல்வியோடு அன்று மண்டபத்துக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசிய ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முப்பது நிமிடம் தூங்கினார்.

மைக்கை இழந்து கீழே இறங்கியவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் இப்போது அறுபத்தொன்பது. எனக்கும் அழுத்த மாத்திரை, தண்ணி மாத்திரை. இதை மேடையில் சொல்லவில்லை. என் மகள் தினமும் எட்டு பத்துக்குப் போன் செய்து, "எத்தனை மிச்சம்பா?" என்று கேட்கிறாள். நான் கற்றுக்கொடுத்த கேள்விதான். கேட்ட மறு விநாடி சொல்லிவிடுவேன். எண்ணத் தெரிந்தவனுக்கு முப்பதில் தேதியைக் கழிக்கப் பொட்டலத்தைத் திறக்க வேண்டியதில்லை.

"நல்லாப் பேசுனீங்க தம்பி" என்றார் மாரியாயி அம்மா. "நீங்களும் மாத்திர சாப்புடுறீங்கன்னு கவிதா சொன்னாளே?"

"ஆமாம்மா."

"எத்தன மிச்சம்?"

"பதினாலு" என்றேன்.

அவர் வடையைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். புவான் ஹலிமாவுக்குக் கண்ணாடி. இவருக்கு அது தேவைப்படவில்லை.

"இவ்வளவு சீக்கிரமாவா? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சொல்வாரு." செல்வியைப் பார்த்தார், பிறகு மறுபடி என்னை. "டின்ன எங்க வச்சிருக்கீங்க தம்பி?"

வீட்டுக்கு வந்து தட்டை எடுத்துத் தண்ணி மாத்திரையை எண்ணினேன். பத்தொன்பது. மறுநாள் மகள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நானே போன் செய்தேன்.

"அஞ்சு கூட இருக்கும்மா."

திட்டவில்லை. "எந்த அஞ்சு நாள்ப்பா?" என்று கேட்டாள்.

"பாசார் போன நாள்" என்றேன்.